சிறு மீனும் சிறு முதலும்

உழவுக்கும் நெசவுக்கும் துணையாக வீட்டில் ஒரு சிறு தொழில் இருத்தல் வேண்டும் என்பது கூட்டுறவு இயக்கத்தினர் நெடுங்காலமாக வற்புறுத்தி வரும் கருத்து. கறவை மாடு, கோழி, தேனீ, காளான் என்று அவ்வப்போது ஒவ்வொன்று முன்வைக்கப்பட்டு வந்துள்ளது. இப்போது அவ்வரிசையில் வண்ண மீனும் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கத்தினர் சிலர், “கண்ணாடித் தொட்டியில் மீன் விடுவது பணக்காரர் பொழுதுபோக்கு, அதற்கும் சங்கத்துக்கும் என்ன தொடர்பு?” என்று ஒதுக்குகின்றனர். வேறு சிலரோ, கடன் கிடைத்தால் நாளைக்கே ஐம்பது தொட்டி வைத்துவிடலாம் என்று துடிக்கின்றனர். இவ்விரு சாராரும் பொருளை நன்கு ஆராயவில்லை என்பது நம் கருத்து. சென்னை கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வண்ண மீன் வளர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. ஆதலின் இதை விளையாட்டு என்று தள்ளுதல் பொருந்தாது. ஆனால் கடன் வாங்கி அகலக் கால் வைப்பதும் கூடாது. குள்ளச் சிக்லிட் என்னும் மீன்வகையை எடுத்துக்கொண்டு, இதனை விளக்க முற்படுவோம்.

இனமும் இயல்பும்

சிக்லிட் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம். அக்குடும்பம் நமக்குப் புதிதன்று. ஏரிகளிலும் குளங்களிலும் மண்டிக்கிடக்கும் ஜிலேபிக் கெண்டை அதைச் சேர்ந்ததே. கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனும் அக்குடும்பத்ததே. முட்டையையும் குஞ்சையும் கைவிடாமல் காப்பது இக்குடும்பத்தின் சிறப்பு. ஜிலேபிக் கெண்டையின் தாய் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கிறது. தென்னாட்டுக் கழிமுகங்களில் வாழும் ஆரஞ்சு குரோமைடு என்ற சிறு மீனின் குஞ்சுகள், பெற்றோரின் உடலில் ஊறும் வழுவழுப்பையே மேய்ந்து வளர்கின்றன.

இக்குடும்பத்தில் நான்கு அங்குலத்துக்கு மேல் வளராத வகைகளையே குள்ளச் சிக்லிட் என்பர். அவற்றுள் மூன்றைக் குறிப்பிடுதல் போதும். முதலாவது, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டு நீரோடைகளிலிருந்து வந்த கிரிபென்சிஸ். சினைக்காலத்தில் பெண் மீனின் வயிறு செக்கச் சிவந்துவிடும். இரண்டாவது, வெனிசுலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோக்கோ ஆற்றுச் சமவெளிக்கு உரிய ராம் சிக்லிட். 1948ஆம் ஆண்டில் அறிவியலார் இதற்குப் பெயரிட்டனர். பொன்மேனியில் நீலப் பொட்டுகள் மின்ன, இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும் அழகிய மீன் இது. மூன்றாவது, அமேசான் படுகையைச் சேர்ந்த அப்பிஸ்டோகிராமா இனங்கள். இவற்றுள் ககட்டுவாய்டஸ் என்னும் இனத்தில் ஓர் ஆண், பல பெண் மீன்களின் எல்லைகளைச் சுற்றிக் காவல் புரியும். குஞ்சு காக்கும் பெண் மஞ்சள் நிறம் பூணும்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு நாம் சொல்லக்கூடியது கிரிபென்சிஸ் ஒன்றே. அது சற்றே கடினமான நீரையும் பொறுத்துக்கொள்ளும். ஒரு ஜோடி நன்கு இணைந்துவிட்டால் வீட்டுத் தொட்டியிலேயே முட்டையிடும். ராம் மீன் 27 முதல் 30 டிகிரி வரை வெப்பம் வேண்டுவது; நம் சமவெளிக்கு அது பொருந்தும். ஆயினும் நீர் சிறிது கெட்டாலும் அது தாங்காது. அப்பிஸ்டோகிராமாவோ மென்னீர் இன்றேல் முட்டையிட்டும் பயனில்லை.

நீரே முதல்

இத்தொழிலுக்கு முதல் எது என்றால், பலரும் கண்ணாடித் தொட்டி என்பர். அது தவறு, நீரே முதல். சாயம் தோய்க்கும் நெசவாளர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எந்தக் கிணற்று நீரில் சாயம் நன்கு பிடிக்கும், எந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பது அவர்கள் கைகண்ட அறிவு. சவர்க்காரம் நுரைக்காத நீர் கடின நீர். அந்நீரில் ராமும் அப்பிஸ்டோகிராமாவும் முட்டை பொரிப்பது அரிது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் இத்தன்மையதே. சாயக்கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம். நொய்யல் ஆற்றில் கழிவு கலந்ததன் விளைவாக 2011ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டதை யாவரும் அறிவர். அத்தகைய பகுதியில் உள்ளோர் கிணற்று நீரைச் சோதிக்காமல் ஒரு மீனும் வாங்கலாகாது.

இதற்கு மாற்று நம் கூரைமேலேயே இருக்கிறது. கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பின்னர்ப் பெய்யும் நீரைத் தூய தொட்டியில் பிடித்து வைத்தால் அது மென்னீர். அதனுடன் கிணற்று நீரைச் சிறிது கலந்து கொள்ளலாம். தனி மழைநீரில் பி.எச். என்னும் அமில காரக் குறியீடு நிலைத்து நில்லாது. நாட்டு வாதுமையின் உலர்ந்த இலையைத் தொட்டியில் இட்டால், நீர் தேநீர் நிறம் கொண்டு சற்றே அமிலத்தன்மை அடையும். இம்மீன்களின் தாயக ஓடைகளிலும் இலைச்சருகு ஊறிய இத்தகைய நீரே ஓடுகிறது.

தொட்டி இரண்டு அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் இருந்தால் ஒரு ஜோடிக்குப் போதும். அதில் ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும். குஞ்சு இழுபடாத வகையில் பஞ்சு வடிகட்டியும் காற்றுக் குழாயும் வேண்டும். தொட்டியை நிரப்பியவுடன் மீனை விடுவதே பெரும்பான்மை இறப்புக்குக் காரணம். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். தோசை மாவு புளிக்கும் வரை பொறுப்பவர், தொட்டி பழகும் வரையும் பொறுத்தல் வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் நம் அங்கத்தினர்க்கே உரியவை. வயலில் பூச்சிமருந்து தெளித்த கையையும், சாயம் கலக்கிய கையையும் தொட்டியில் விடலாகாது. விசைத்தறியின் அதிர்ச்சி எட்டும் சுவரோரம் தொட்டியை வைத்தலும் ஆகாது. அச்சமுற்ற பெற்றோர் தம் முட்டையைத் தாமே தின்றுவிடும்.

ஈடும் குஞ்சும்

கிரிபென்சிஸ் குகையில் முட்டையிடுவது. அதற்கெனக் கடையில் குகை வாங்க வேண்டாம். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டி, வேகவைத்துக் கவிழ்த்து வைத்தால் பெண் மீன் அதன் உட்கூரையில் முட்டைகளை ஒட்டிவைக்கும். பெண் உள்ளே முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருக்க, ஆண் வெளியே எல்லை காக்கும். மூன்று நாளில் முட்டை பொரியும். முட்டையிட்ட ஏழெட்டு நாளில் குஞ்சுகள் கூட்டமாக நீந்தி வெளிவரும். ராம் மீன் தட்டையான கல்லின்மேல் நூறு, இருநூறு முட்டைகள் இடும்; பொரிக்கும் காலமும் ஏறக்குறைய இதுவே.

நீந்தத் தொடங்கிய குஞ்சுக்கு உயிருணவு வேண்டும். உப்பு நீரில் ஒன்றரை நாளுக்குள் பொரியும் ஆர்ட்டீமியா இறாலின் இளங்குஞ்சே தக்கது. சாக்கடைக் கால்வாயில் அள்ளிய புழுவை மலிவு என்று இடுவோர், அதனுடன் நோயையும் சேர்த்தே இடுகின்றனர்.

ஆண் பெண் கணக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். இவ்வகை மீன்களை வாங்குவோர் ஜோடியாகவே கேட்பர். கிரிபென்சிஸில் நீரின் அமிலத்தன்மை மிகுந்தால் ஆண் குஞ்சுகள் மிகுகின்றன. அது குறைந்தால் பெண் குஞ்சுகள் மிகுகின்றன. அப்பிஸ்டோகிராமாவில் வெப்பம் மிகுந்தாலும் ஆண் மிகும். சித்திரை வெயிலில் வந்த ஈட்டில் பத்துக்கு எட்டு ஆணாகப் போனால் அந்த ஈடு விலை போகாது. ஆகவே ஒவ்வோர் ஈட்டுக்கும் நாள், நீரின் பி.எச்., வெப்பம், பெற்றோர், குஞ்சுத்தொகை ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதுதல் இன்றியமையாதது. பேரேடு இல்லாத மீன் வளர்ப்பு, பாவு எண்ணாமல் தறியில் ஏற்றியது போன்றதே.

கணக்கு

ஒரு ஈட்டுக்கு இருநூறு முட்டை, ஒரு குஞ்சு இன்ன விலை, மாதம் ஓர் ஈடு என்று காகிதத்தில் பெருக்கிக் காட்டுவோர் உளர். அக்கணக்கை நம்பற்க. இளம் ஜோடி முதல் சில ஈடுகளைத் தின்றுவிடுவது வழக்கம். பிழைத்த குஞ்சு விற்கும் அளவுக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை தீனிக்கும் மின்சாரத்துக்கும் செலவு உண்டு, வரவு இல்லை.

“குஞ்சை நாங்கள் தருகிறோம், வளர்த்தபின் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்” என்று ஊருக்குள் வருவோரிடம் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது கொங்கு நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் முதலை இழந்தன. அங்கே பொருளுக்கு உண்மையான சந்தை இல்லை. அடுத்தவர் கட்டும் முன்பணமே சந்தையாக இருந்தது. எத்தொழிலிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை இறுதியில் காசு கொடுத்து வாங்குபவர் யார்?

வண்ண மீனுக்கு அவ்வாறு வாங்குபவர் உண்மையில் உளர். ஆனால் அவர் ஏமாற்றப்பட்டால் திரும்பி வாரார். நிறம் விரைவில் ஏற வேண்டி மீனுக்கு ஹார்மோன் கொடுக்கும் பழக்கம் வணிகத்தில் உண்டு. அம்மீன் கடையில் பளபளக்கும். வாங்கியவர் வீட்டில் வெளுத்துப் போகும். பல நேரம் மலடாகவும் நின்றுவிடும். சாயம் ஓடும் சேலையை விற்றவனுக்கு நேர்வதே இதை விற்பவனுக்கும் நேரும்.

சங்கம் செய்ய வேண்டியது

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நாம் கூறுவது இது. முதல் ஆண்டில் எவரும் கடன் வாங்க வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி, ஒரு ஜோடி என்று விருப்பமுள்ள பத்துப் பேர் தொடங்கட்டும். நீர் சோதிக்கும் கருவி பத்துப் பேருக்கும் ஒன்று போதும். ஆர்ட்டீமியா முட்டையை மொத்தமாக வாங்கிப் பங்கிடலாம். புதிய மீனை மூன்று வாரம் தனித்து வைக்க ஒரு பொதுத் தொட்டி அமைக்கலாம். ஒருவர் ஈட்டின் ஆணையும் மற்றவர் ஈட்டின் பெண்ணையும் மாற்றிக்கொண்டால், உடன்பிறந்தவற்றையே இணைத்து இனம் நலிவது தடைப்படும். தனி ஒருவரால் இயலாத இதுவே கூட்டுறவின் ஆதாயம்.

இரண்டு ஈடுகளை வளர்த்து விற்று, பேரேட்டில் வரவு செலவு காட்டியவர்க்கே கடனும் மானியமும் பற்றிய பேச்சு எழலாம். 2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கும் இடம் தரப்பட்டது. மகளிர்க்கும் பட்டியல் இனத்தவர்க்கும் மானியம் 60 சதவீதம், பிறர்க்கு 40 சதவீதம். மானியம் உண்டு என்பதற்காகத் தொழில் தொடங்குவது, சீர்வரிசைக்காக மணம் செய்வதை ஒக்கும்.

இறுதியாக ஒன்று. விற்காத மீனையும் நோயுற்ற மீனையும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடுதல் பெருந்தீங்கு. ஜிலேபிக் கெண்டை 1952ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு உணவுக்காகவே கொண்டுவரப்பட்டது. இன்று அது நம் நாட்டு மீன்களை ஒதுக்கிவிட்டுக் குளங்களை ஆள்கிறது. ஏரி ஊர்ச்சொத்து, ஒருவர் கைப்பிழைக்கு ஊர் முழுதும் விலை கொடுக்க நேரும்.

ஆழம் அறிந்து காலை இடுபவர்க்கு இச்சிறு மீன் நல்ல துணை. தறி ஓயும் மழைக்காலத்திலும், அறுவடைக்குப் பிந்திய ஓய்விலும் வீட்டார் அனைவரும் பங்குகொள்ளத்தக்க வேலை இது. சங்கங்கள் தம் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதனை ஆராயட்டும். கடன் மனுவுக்கு முன்னதாக நீர்ச் சோதனைச் சீட்டு மேசைமேல் வரட்டும்.