இராக்குதிரை என்னும் சொல்மயக்கம்

கொடுங்கனவைக் குறிக்கும் ‘நைற்மெயர்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘இரவு’, ‘பெண்குதிரை’ என இரண்டாகப் பிளந்து, இருளிற் பாய்ந்துவரும் அமானுடக் குதிரையொன்றினைப் பண்டை ஐரோப்பியர் நம்பினர் என்றும், அந்நம்பிக்கையே இச்சொல்லை ஈன்றது என்றும் விளக்குவோர் உளர். கேட்பதற்கு இனிய விளக்கம், ஆயின் தவறானது. தவறு சொல்லோடு நின்றிருப்பின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அது ஒரு நம்பிக்கையின் வரலாற்றையும் அதற்குப் பலியானோரையும் மறைத்துவிடுகின்றது. அதனாலேயே மறுக்கப்படவேண்டியதாகின்றது.

இச்சொல்லின் பிற்பகுதி, பழைய நோர்ஸ் மொழியில் ‘மாரா’ என வழங்கிய சொல்லின் இனம். உறங்குவோரின் மார்பிலேறி மூச்சையடைக்கும் ஆவியையே அது குறித்தது. பெண்குதிரையைக் குறித்த ஆங்கிலச் சொல் வேறு. காலப்போக்கில் ஒலித்திரிபினால் இரண்டும் ஒன்றுபோல் ஆயின. 13ஆம் நூற்றாண்டில் ஸ்நொறி ஸ்டர்லுசன் எழுதிய ‘இங்லிங்கா சாகா’விலே, சூனியக்காரி ஏவிய மாரா மன்னன் வன்லண்டியை நசுக்கிக் கொல்கின்றது. அங்கே குதிரை இல்லை. 1755இல் வெளிவந்த தமது அகராதியில் சாமுவேல் ஜோன்சனும் இச்சொல்லுக்கு மாரா என்னும் ஆவியையே மூலமாகக் காட்டி, மார்பின்மீது பாரம் அழுத்துவது போன்ற நோய் எனப் பொருள் கூறினார்.

பிறமொழிகளை நோக்குமிடத்தும் இதுவே புலனாகும். இலத்தீனின் ‘இன்கியூபஸ்’ மேலே கிடப்பது. ஸ்பானியரின் ‘பெசடில்லா’ பாரத்தின் அடியாகப் பிறந்தது. நம்மவர் கூறும் ‘அமுக்குப் பேய்’ பெயரிலேயே தன் தொழிலைச் சொல்கின்றது. கனவுறக்கத்தின்போது உடற்றசைகள் செயலற்றிருக்கும். அந்நிலை நீங்குமுன் நினைவு விழித்துக்கொள்ளின், அசையமுடியாமையும் மார்பழுத்தமும் அருகில் யாரோ நிற்பதான உணர்வும் தோன்றும் என்கின்றது மருத்துவம். பல மொழிகளில் இப்பெயர்களைத் தந்தது இந்த அனுபவமேயன்றிக் குதிரையன்று.

அவ்வாறாயின் குதிரைக்கு இந்நம்பிக்கையில் இடமே இல்லையா? உண்டு, பேயாக அன்று, பேய்க்கு இரையாக. விடியலில் இலாயத்துக் குதிரை வியர்த்துக் களைத்து நிற்கக் கண்ட வட ஐரோப்பிய உழவர், இரவெல்லாம் மாரா அதன்மீது சவாரி செய்தாள் என்றனர். இங்கிலாந்தில் அதனைத் தடுக்கத் துளையுள்ள கல்லைத் தீனித்தொட்டியருகே தொங்கவிட்ட வழக்கத்தை ஜோன் ஓப்றி 1696இல் பதிவுசெய்தார். மாரா பல உருவெடுக்கும் கதைகளும் உள. அவற்றிற் சிலவற்றில் குதிரையும் வரலாம். எடுத்த உருவங்களுள் ஒன்றை மூலமெனக் கொள்வது ஆய்வாகாது.

எதிர்வாதிகள் பியூசிலியின் 1781ஆம் ஆண்டு ஓவியத்தைக் காட்டுவர். அதனை அவர்கள் மீண்டும் பார்க்கவேண்டும். பெண்ணின் மார்பில் அமர்ந்திருப்பது குறளி போன்றதோர் உருவம். குதிரையோ திரைக்கிடையே தலைநீட்டிப் பார்த்துநிற்கின்றது. 1931இல் நூல் வெளியிட்ட ஏர்ணெஸ்ற் ஜோன்ஸ், இவ்விரு சொற்களின் ஒலிநெருக்கம் தற்செயலன்று, அடிமனத் தொடர்பின் விளைவு என வாதிட்டார். ஒலியொத்த இரண்டை மனம் பின்னர் இணைத்தல் இயல்பே. அவ்விணைப்பு தோற்றத்துக்குச் சான்றாகாது.

இவ்வழக்கில் உண்மையில் இழக்கப்படுவது வேறொன்று. மாரா எனப் பட்டவள் பலவேளைகளில் அயல்வீட்டுப் பெண்ணே. 1692இல் வட அமெரிக்காவின் சேலம் வழக்குகளில், நள்ளிரவில் நெஞ்சிற் பாரமுணர்ந்து விழித்தபோது பிரிஜெற் பிஷப் தன் வயிற்றின்மீது அமர்ந்து கழுத்தை நெரித்தாள் என ஒருவன் சாட்சியமளித்தான். அவ்வாண்டு யூன் 10ஆந் திகதி அவள் தூக்கிலிடப்பட்டாள். ஒருவனின் உறக்கத்து அச்சம் நீதிமன்றில் ஒரு பெண்ணுக்கு எதிரான சான்றாயிற்று. குதிரையை முன்னிறுத்தும் விளக்கத்தில் இப்பெண்ணுக்கு இடமில்லை. பழிசுமத்திய சமூகமும் தப்பிவிடுகின்றது.

ஒலியொப்புமை ஒன்றையே துணையாகக்கொண்டு உலகச் சொற்களுக்கெல்லாம் பிறப்பிடம் வகுக்கும் பழக்கம் தமிழாய்வுக்கும் புதிதன்று. சொல்லின் ஓசையில் மயங்குவோர் அச்சொல்லை வழங்கிய மாந்தரைக் காணத் தவறுவர். குதிரையை இலாயத்திற் கட்டிவிட்டுப் பிரிஜெற் பிஷப்பின் பக்கம் திரும்புவதே நாட்டார் வழக்கை ஆய்வோர் கடன்.