எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்காதீர்கள்

தமிழில் போட்டோகிராபி கற்றுக்கொள்ளலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அடுத்த ஒரு மாதத்தில் அவருக்கு என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். முதல் வாரம் அபெர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ. இரண்டாவது வாரம் ரூல் ஆஃப் தேர்ட்ஸ். மூன்றாவது வாரம், "கிட் லென்ஸை வெச்சுக்கிட்டு என்ன ப்ரோ பண்ணுவீங்க?" நான்காவது வாரம் ஒரு ஃபிஃப்டி எம்எம் லென்ஸ், இஎம்ஐயில். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நான்காவது வாரம்தான்.

இந்த ஒரு மாதத்தில் அவர் ஒரு நல்ல புகைப்படத்தின் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க மாட்டார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். என் புகார் அவ்வளவுதான். அசோகமித்திரன் எந்தப் பேனாவில் எழுதினார் என்று விசாரித்துவிட்டுக் கதை எழுத வந்தவர் யாருமில்லை. கதை எழுத ஆசைப்படுகிறவனிடம் "முதலில் படி" என்கிறோம். படம் எடுக்க ஆசைப்படுகிறவனிடம் மட்டும் "முதலில் வாங்கு" என்கிறோம்.

"டெக்னிக்கல் தெரியாம எப்படிங்க?" என்று கேட்பார்கள். தெரிய வேண்டும்தான். ஆனால் அது எவ்வளவு சின்ன விஷயம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. வெளிச்சம் எவ்வளவு, எவ்வளவு நேரம், எதில் ஃபோகஸ் என்கிற மூன்று கேள்விகளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அதற்கு மேல் ஆழமாகப் போக ஆசையென்றால் மார்க் லெவாய் இருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர், பின்னர் கூகுளில் பிக்சல் போன் கேமராவுக்கான மென்பொருளில் வேலை செய்தவர். 2016இல் அவர் நடத்திய 18 டிஜிட்டல் போட்டோகிராபி வகுப்புகள் முழுமையாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லென்ஸின் வடிவியலில் இருந்து சென்சாரின் இரைச்சல் வரை அதில் எல்லாம் உண்டு. அதைப் பார்த்து முடித்தவருக்கு "பிகினர்களுக்கான பத்து டிப்ஸ்" வகையறா எதுவும் ஆயுளுக்கும் தேவைப்படாது. தவிர, வெளிச்சத்தை அளப்பதும் கண்ணைத் தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்வதும் இன்று மென்பொருளின் வேலை. அதை எழுதுகிற துறையில் இருக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்: எங்களால் ஆட்டோமேட் செய்ய முடிந்த பகுதியைத்தான் உங்களுக்குப் பயிற்சி என்ற பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் விற்கிறார்கள் என்பதில் மர்மம் இல்லை. ஒரு லென்ஸை மதிப்பிட்டு வீடியோ போட்டால் கீழே வாங்குவதற்கான சுட்டி கொடுக்கலாம், கமிஷன் வரும். ஒரு புகைப்படத்தை மதிப்பிட்டு வீடியோ போட்டால் கீழே எதைக் கொடுப்பது? பிரீசெட் விற்கலாம், ஒருநாள் பட்டறை நடத்தலாம். நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் அடுத்த மாதம் எதையும் வாங்க வரமாட்டார். அவரால் யாருக்கு லாபம்?

விளைவை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காசிமேட்டில் விடிகாலை, வலை, காக்கை. குலசையில் காளி வேஷம். கூவாகத்தில் கண்மை. முக்கியமாக அந்தக் கிழவி: கறுப்பு வெள்ளையில், ஒவ்வொரு சுருக்கமும் எழும்பி நிற்கும்படி கிளாரிட்டி ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்துவிட்ட முகம். அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. படத்தின் கீழே கேமராவின் பெயரும் லென்ஸின் பெயரும் மட்டும் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். அந்த முகத்தைப் பட்டறையில் "டெக்ஸ்ச்சர்" என்கிறார்கள். ஒரு மனுஷியை டெக்ஸ்ச்சர் என்று அழைக்கப் பழக்குகிற கல்வி வெறும் மோசமான கல்வி மட்டுமல்ல. அது நம்மையும் கொஞ்சம் மோசமாக்குகிறது.

சரி, வேறு எங்கே கற்றுக்கொள்வது?

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் 1930களின் பெருமந்தக் காலத்திலும் போர்க்காலத்திலும் அந்த நாட்டு அரசுக்காக எடுக்கப்பட்ட சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இருக்கின்றன. யாரும் பார்க்கலாம், பெரிய அளவில் தரவிறக்கலாம், பைசா செலவில்லை. அதில் டோரதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' உண்டு. கன்னத்தில் கைவைத்த தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் சாய்ந்த இரண்டு குழந்தைகள். பார்க்காதவர் குறைவு. ஆனால் பாடம் அந்தப் படத்தில் மட்டும் இல்லை. அன்று அவர் எடுத்த மற்ற படங்களில் சிலவும் அங்கேயே இருக்கின்றன.

அவற்றை வரிசையாகப் பாருங்கள். ஒன்றில் லாங்கே தள்ளி நிற்கிறார். கூடாரம் முழுசாகத் தெரிகிறது, பதின்வயதுப் பெண் ஒருத்தி ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள், சாமான்கள் சிதறிக் கிடக்கின்றன. தகவல் எல்லாம் இருக்கிறது, படம் இன்னும் வரவில்லை. பிறகு நெருங்குகிறார். பெரிய பெண் சட்டகத்தை விட்டுப் போகிறாள். குழந்தை பால் குடிக்கிற படம் வருகிறது. ஒரு சிறுமி அம்மாவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு நிற்கிற படம் வருகிறது. கடைசியில் மற்ற குழந்தைகளின் முகம் நமக்கு மறுக்கப்பட்டு, அம்மாவின் முகம் மட்டும் மிஞ்சுகிறது. பெரிய கிராஃப்லெக்ஸ் கேமரா, ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் மாற்ற வேண்டும். சில படங்களுக்குள் ஒரு மனசு முடிவெடுப்பதை, எதை விடுவது என்று கழித்துக்கொண்டே போவதை, கண்ணால் பார்க்கலாம். எந்தக் கட்டணப் பட்டறையில் இது கிடைக்கும்?

இதே படத்தில் இரண்டாவது பாடமும் இருக்கிறது. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். படம் உலகப்புகழ் பெற்றது. அந்தப் பெண் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசுகூட வரவில்லை என்ற கசப்போடுதான் அவர் பேசினார். லாங்கேவின் கரிசனம் பொய்யில்லை. அந்தப் பெண்ணின் கசப்பும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போகிறவர் எடுக்கிற படம் வேறு மாதிரி இருக்கும். சிலசமயம் எடுக்காமலே திரும்பி வருவார். அதுவும் பயிற்சிதான்.

அடுத்தது, கழிப்பது. ராபர்ட் ஃபிராங்க் 1955இல் தொடங்கி அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி எடுத்தவை ஏறக்குறைய 28,000 படங்கள். 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் இருப்பவை 83. முந்நூற்றுச் சொச்சத்துக்கு ஒன்று. நம்மாட்கள் ஞாயிறு காலை போட்டோ வாக் போய் அறுநூறு படம் எடுத்து, மதியத்துக்குள் முப்பதை இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார்கள். ஃபிராங்கின் கணக்கில் அதில் இரண்டுகூடத் தேறாது. உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிற மூவாயிரம் படங்கள்தான் நீங்கள் இதுவரை சேர்த்த பாடப்புத்தகம். அதிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுங்கள். சின்ன சைஸில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரு வாரம் கழித்துப் பத்தாக்குங்கள். ஒவ்வொன்றையும் ஏன் தூக்கினோம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் முடியும்.

மூன்றாவது, எடுப்பதைப் பற்றித் தெரிந்திருப்பது. இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் சென்னைக்காரர், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட ஒரு விசித்திரக் கருவிக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் அவருடைய படங்களின் பலம் அந்தக் கருவியில் இல்லை. 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர் அவர். நாற்பத்தாறு வருஷம் ஒரே விஷயத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியவருக்கு யானை அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்திருக்கும். உங்களுக்கு யானை வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தது என்ன? அப்பாவின் மளிகைக்கடையா, ஹாஸ்டல் மெஸ்ஸா, மாலை ஆறு மணிக்கு ஓஎம்ஆரில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற கூட்டமா? அதை ஒரு வருஷம் எடுங்கள். இருபது வருஷம் கழித்து இந்த ஊர் எப்படி இருந்தது என்று தேடுகிறவனுக்குக் காக்கையும் வலையும் போதாது.

"இதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே, போட்டோ புக்கெல்லாம் ஐயாயிரம் ரூபா ஆகுமே" என்றால், இரண்டாவதற்குப் பதில் மேலேயே இருக்கிறது. படம் பார்க்க மொழியும் வேண்டாம். ஆனால் முதல் பாதி நியாயமான கேள்வி. அதற்கான பழி யூடியூப்காரர்கள்மேல் இல்லை. நம்மேல், இலக்கியம் பேசுகிறவர்கள்மேல். ஒரு கவிதைக்கு நாலு பக்கம் வாசிப்பனுபவம் எழுதுகிற நாம், ஒரு புகைப்படத்தைப் பற்றி நாலு வரி எழுதியது உண்டா? நம் இணைய இதழ்களில் கட்டுரையின் தலையில் ஒரு படம் இருக்கும். கீழே "நன்றி: இணையம்" என்றிருக்கும். இணையம் எந்தக் கேமராவையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கவில்லை. எடுத்தவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைத் தேடிப்போட நமக்குப் பொறுமை இல்லை. வரி திருடினால் சண்டைக்குப் போகிறோம். படம் திருடினால் நன்றி சொல்லிவிட்டுப் போகிறோம். புகைப்படத்தை இப்படி மதிக்கிற சூழலில் புதிதாக வருகிற பிள்ளை லென்ஸ் கடைக்குத்தான் போவான். வேறு எங்கே போவான்?

ஆகவே இரண்டு கோரிக்கைகள். எழுதுகிறவர்கள் மாதம் ஒரு புகைப்படத்தைப் பற்றித் தமிழில் எழுதுங்கள், எடுத்தவர் பெயரோடு. எடுக்கிறவர்கள் இந்த வருஷம் எதையும் வாங்காதீர்கள்.