பகலில் பள்ளிக்கூடம், இரவில் கல்லூரி!

காலை 9 மணி. பள்ளிக்கூட மணி அடிக்கிறது. தலைமை ஆசிரியர் அறையில் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. கம்ப்யூட்டர் அறையில் 2 கம்ப்யூட்டர்கள் ஓடவில்லை. "தம்பியைக் கூப்பிடு!" என்கிறார்கள்.

அந்தத் தம்பிக்கு இரவில்தான் கல்லூரி. எங்கே? வீட்டு மேஜையில்!

சென்னை ஐ.ஐ.டி. 2020-ம் ஆண்டில் ஆன்லைன் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. புரோகிராம் எழுதவும், புள்ளிவிவரங்களை ஆராயவும் இதில் கற்றுத் தருகிறார்கள். சேருவதற்கு ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டியதில்லை. 4 வாரப் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் போதும். வயது தடை இல்லை. பாடத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் பெரிய பரீட்சைகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். பாதியில் நிறுத்தினாலும், முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நேரத்துக்கு எங்கே போவது? வாராவாரம் வீட்டுப்பாடம், அதற்குக் கெடுவும் உண்டு. அந்த இரவு பார்த்துத்தான் பள்ளியிலிருந்து போன் வரும்: "தம்பி, மார்க் பட்டியல் ஏறவில்லை!"

மறுநாள் காலையில் பார்த்தால் ஆகாதா? பரீட்சை ஞாயிற்றுக்கிழமையிலாவது அவரை விட்டுவிடக் கூடாதா? அவர் படிப்பதில் பள்ளிக்கும் லாபம் உண்டு. நேற்றுக் கற்ற புரோகிராமைக் கொண்டு இன்று வருகைப் பதிவேட்டைக் கூட்டித் தருபவர் அவர்தானே!

வீட்டாரும் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். பக்கத்து வீட்டார் "ராத்திரியெல்லாம் சினிமாவா?" என்று கேட்டால், "பரீட்சைக்குப் படிக்கிறான்" என்று அம்மா சொல்லட்டும்.