பெயர் ஜோசியம்



கைரேகை ஜோசியம், கிளி ஜோசியம், நாடி ஜோசியம் என்று பலவகை ஜோசியங்கள் நம் நாட்டில் நடப்பதும், அவை அத்தனையும் புரட்டு என்று நாம் மேடைதோறும் சொல்லி வருவதும் நீங்கள் அறிந்ததே. ஆனால், "எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை" என்று மார்தட்டுகிற ஆசாமிகூட நாள் தவறாமல் பார்க்கிற ஜோசியம் ஒன்று உண்டு. அதுதான் பெயர் ஜோசியம். ஒருவனுடைய பெயரைக் கேட்டமாத்திரத்தில் அவன் இன்ன தேசத்தான், இன்ன மதத்தான், இன்ன ஜாதியான் என்று சொல்லிவிடுவதே இந்த ஜோசியம். இதற்குக் காசும் வேண்டாம், கிளியும் வேண்டாம்.

2023ஆம் வருஷம் ஆகஸ்டு 12ந் தேதி சென்னையில் ஆசியச் சாம்பியன் கோப்பை ஹாக்கிப் பந்தயத்தின் இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியா மலேசியாவை 4க்கு 3 என்று ஜெயித்தது. மறுநாள் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் பெஞ்சில் ஒரு பெரியவரும் ஒரு வாலிபரும் பத்திரிகையை விரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மலேசியாக்காரனுக்கு வாத்தியார் பேரு அருள் அந்தோணியாமே! நம்மாளு போயி எதிராளிக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறானே, இது நாயமா தம்பி?" என்றார் பெரியவர்.

"நம்ம அணிக்கு வாத்தியார் யாருன்னு பாருங்கய்யா. கிரேக் ஃபுல்டன், தென்னாப்பிரிக்காக்காரரு" என்றார் வாலிபர்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கெடக்கட்டும். நம்ம அணியில அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம்னு ஒருத்தன் இருக்கானே, அவன் என்ன ஆளு?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

தோழர்களே, இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே ஜோசியத்தின் இரண்டு பக்கங்களேயாகும். முதல் கேள்வியில் பெயரைப் பார்த்து நாடு தீர்மானிக்கப்பட்டது. இரண்டாவதில், பெயரில் ஒன்றும் அகப்படாததால் ஜாதி தேடப்பட்டது.

முதலாவதைப் பார்ப்போம். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்க் கொண்டுபோகப்பட்டுப் பல தலைமுறைகள் ஆகின்றன. அவர்கள் சந்ததியார் அந்த நாட்டுக் குடிகள். அந்த நாட்டுக்கு அவர்கள் ஆடுவதில் துரோகம் எங்கே இருக்கிறது? 1975ல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. ஒரு கட்சியின் பட்டியலில் மகேந்திரன், ஸ்ரீ சண்முகநாதன் என்ற பெயர்கள். மற்றொரு கட்சியின் பட்டியலில் லெஸ்லி ஃபெர்னாண்டஸ், விக்டர் பிலிப்ஸ், மைக்கேல் கிண்டோ என்ற பெயர்கள். நம் பெயர் ஜோசியரிடம் இந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தால் முந்தியதை இந்தியா என்றும், பிந்தியதை ஏதோ ஐரோப்பிய தேசம் என்றும் அடித்துச் சொல்லியிருப்பார். உண்மை நேர்மாறானது. சண்முகநாதன் மலேசியர். கிண்டோவோ இந்தியாவின் ஆதிவாசி. அன்று இந்தியா 3க்கு 2 என்று ஜெயித்து, பிறகு கோப்பையையும் பெற்றது.

நானும் இந்த ஜோசியத்திலிருந்து தப்பியவனல்ல. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு வாசகசாலையே பள்ளிக்கூடம். 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகத் தங்கம் பெற்ற இந்திய ஹாக்கி அணியின் பட்டியலை அங்கே ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். ஆலன், ஹாமண்ட், நாரிஸ், பின்னிகர் என்று இருந்தது. அச்சுக்கோத்தவர் இங்கிலீஷ்காரர் பட்டியலை மாற்றிப் போட்டுவிட்டார் என்றே முடிவு கட்டினேன். பிறகு விசாரித்ததில், அவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர்கள் என்று தெரிந்தது. கோல் காத்த ரிச்சர்டு ஆலன் நாகபுரியில் பிறந்தவர். அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா 29 கோல் போட்டது. இந்தியாவுக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை.

அந்த அணியின் தலைவர் பெயர் ஜெய்பால் சிங். "சிங்" என்றதும் பஞ்சாபி என்போம். அதுவும் பொய்த்தது. அவர் ராஞ்சிப் பக்கத்து முண்டா ஆதிவாசி. பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து ஆதிவாசிகளுக்காக வாதாடியவரும் அவரே.

"ஆங்கிலோ இந்தியர் பாதி வெள்ளைக்காரர்தானே, அவர்களுக்கு இந்தியாவின்மேல் என்ன பற்று?" என்று சில தேசாபிமானிகள் கேட்கலாம். 1948 ஆகஸ்டு 12ந் தேதி லண்டனில், சுதந்திர இந்தியா இங்கிலீஷ்காரரை அவர்கள் ஊரிலேயே 4க்கு 0 என்று தோற்கடித்தது. அந்த நாலு கோல்களில் ஒன்றைப் போட்டவர் பெயர் பாட்ரிக் ஜான்சன். அதே அணியில் தொடங்கிய லெஸ்லி கிளாடியஸ், பிலாஸ்பூரில் பிறந்தவர், மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்று, 1960ல் இந்தியாவுக்குத் தலைமையும் வகித்தார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனாலும் அந்த வகுப்பாரின் நிலைமை என்ன? வெள்ளைக்காரனுக்கு அவர்கள் கறுப்பர்கள், நமக்கோ வெள்ளைக்காரர்கள். 1947ஐ ஒட்டிய வருஷங்களில் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிவிட்டார்கள். அப்படி ஆஸ்திரேலியா போன ஒரு குடும்பத்தில் பியர்ஸ் சகோதரர்கள் ஐந்து பேர்; ஐவரும் அந்த நாட்டுக்கு ஹாக்கி ஆடினார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதியில் ஆஸ்திரேலியா இந்தியாவை 2க்கு 1 என்று தோற்கடித்தது. அந்த ஆஸ்திரேலிய அணியில் ஜபல்பூரில் பிறந்த எரிக் பியர்ஸ் இருந்தார். "நீ எங்களவனல்ல" என்று ஒருவனை நினைக்க வைத்தால், அவன் வேறொருவருடையவனாகத்தான் ஆவான்.

மற்ற தேசங்களையும் பாருங்கள். ஆப்பிரிக்காவின் கென்யாவுக்கு மூன்று ஒலிம்பிக்குகளில் தலைமை வகித்தவர் அவதார் சிங் சோஹல். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் பிரிட்டனுக்காக இரண்டு கோல் போட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் இம்ரான் ஷேர்வானி. தங்கத்தின்மேல் பெயர் ஒட்டவில்லை. இவர்களுடைய உழைப்பே ஒட்டிக்கொண்டது.

நிற்க. நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் பாக்கிஸ்தானுக்கு எதிராகத் தனது முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டவர் அரியலூர் கார்த்தி செல்வம். அந்தப் பெயரில் பஸ்ஸிலிருந்த பெரியவருக்கு ஜாதி அகப்படவில்லை. அது தற்செயலல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டும் ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்கவேண்டுமென்று தீர்மானித்தது. அதன் பலனாகவே இன்று தமிழ்நாட்டுப் பையன்களின் பெயருக்குப் பின்னால் வால் இல்லாமலிருக்கிறது.

ஆனால், வாலை வெட்டினால் போதுமா? வால் காணாத ஜோசியர் விடுகிறாரா? "அப்பா பேரு என்ன? எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று சுற்றி வளைக்கிறார். நம் கிராமங்களில் பொங்கலுக்கு நடக்கும் கபடிப் பந்தயத்தில்கூடத் தெருவுக்கு ஓர் அணி என்று இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தெரு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மலேசியாவில் ஆடும் தமிழனை "நம்மாளு" என்று சொந்தம் கொண்டாடுகிறவர், பக்கத்துத் தெருத் தமிழனைத் தன் அணியில் சேர்க்கமாட்டார் என்றால், அந்தச் சொந்தம் எவ்வளவு யோக்கியமானது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. அரியலூர்க்காரன் 1995க்கு முன் திருச்சி ஜில்லாக்காரன். பிறகு பெரம்பலூர் மாவட்டத்தான். 2007 முதல் அரியலூர் மாவட்டத்தான். இத்தனைக்கும் அவன் வீட்டை விட்டு ஓரடி நகரவில்லை. சர்க்கார் ஒரு காகிதத்தில் மாற்றினால் மாறிவிடுகிற பெயரை வைத்துக்கொண்டு, மனிதனின் தகுதியை அளப்பது அறிவுடைமையாகுமா?

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை ஆட்டக்காரர் பட்டியலைப் படிக்கும்போது, அவன் எங்கே நின்று எப்படி ஆடுகிறான் என்று கேளுங்கள். வருகிற பொங்கலுக்கு உங்கள் ஊரில் பந்தயம் வைத்தால், தெருவுக்கு ஓர் அணி என்பதை ஒழித்து, எல்லாத் தெருப் பையன்களையும் கலந்து சீட்டுப் போட்டு அணி பிரியுங்கள். பெரியவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். ஆனால் தன் பேரன் ஜெயிக்கவேண்டுமானால் பக்கத்துத் தெருப் பையன் பந்தாடவேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அவன் என்ன ஆளு என்று எந்தத் தாத்தாவும் கேட்கமாட்டார்.