கோள்கள் கூடினால் போதுமா?

"செயற்கைக்கோள்களைக் கூட்டுங்கள், அவை காட்டும் இடம் துல்லியமாகிவிடும்" என்கிறார் நண்பர். திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லலாமா? பக்கத்திலேயே தும்பா. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருந்ததால்தான் 1963-இல் அங்கிருந்து ராக்கெட் ஏவினார்கள். அதே காரணத்தால் இங்கே தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் அடங்காதது. பொழுது சாய்ந்தபின் அதில் எழும் கொந்தளிப்பு சிக்னலை நடுங்கவைக்கும். சில நேரம் அறுத்தேவிடும். கோள்கள் கூடினால் கணக்கு கொஞ்சம் சீராகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை சிக்னலும் அந்த அடுக்கைத் தாண்டித்தானே வரவேண்டும்! அதன் தாமதத்தால் மட்டும் பல மீட்டர் பிழை நேரும். இடம் துல்லியமாகத் தெரிந்த தரை நிலையங்கள் அதை அளந்து திருத்தம் அனுப்பவேண்டும். விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் என்ற அமைப்பு அப்படித்தான் இயங்குகிறது. வரப்பை அளக்கும் சர்வேயருக்கு அதுவும் போதாது. அவருக்குச் சென்டிமீட்டர் வேண்டும், அதற்கு அருகிலேயே ஒரு நிலையம் வேண்டும்.