இத்தாலி கிராமத்துக்குப் போக கார் வேண்டுமா?

இத்தாலி நாட்டுக்கு விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் ஆகிய நகரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். இப்போது பலருக்கு அது போதவில்லை. கிராமத்தில் நாலு நாள் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

நல்ல ஆசைதான். திராட்சைத் தோட்டம், ஒலிவ மரங்கள், குன்றின் மேல் ஒரு பழைய ஊர். அதன் அருகே ஒரு விவசாயியின் பண்ணை வீட்டில் வாடகை அறை. இப்படி விருந்தினரைத் தங்க வைக்கும் பண்ணைகளுக்கு அங்கே "அக்ரிடூரிஸ்மோ" என்று பெயர். விவசாயிகளுக்கு இந்த வருமானமும் கிடைக்கட்டும் என்று 1985-ல் இத்தாலி அரசாங்கம் தனிச் சட்டமே செய்தது.

ஆனால் அறையை முதலில் பிடித்துவிடுகிறார்கள். அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்பதைப் பிறகுதான் யோசிக்கிறார்கள். இது தலைகீழ் வேலை. வண்டியைத் தீர்மானித்த பிறகே அறையைத் தீர்மானிக்க வேண்டும்.

ரெயில் மலை ஏறாது

இத்தாலியில் ரெயிலுக்குக் குறைவில்லை. ரோமில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் புளோரன்ஸ். நகரத்துக்கு நகரம் போக அதைவிட நல்ல வாகனம் கிடையாது.

கிராமம் என்றால் கதை வேறு. பழைய காலத்தில் எதிரிகளுக்குப் பயந்து ஊர்களைக் குன்றின் உச்சியில் கட்டினார்கள். ரெயில் பாதை வந்தது 19-ம் நூற்றாண்டில். அது பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. ஆகவே ஊர் மேலே; ஸ்டேஷன் கீழே!

ஓர்வியேட்டோ என்ற ஊரில் ஸ்டேஷன் வாசலிலேயே கம்பி இழுக்கும் மலை ரெயில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் மேலே கொண்டுபோய் விடும். எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமிஞானோவுக்கு ரெயிலே கிடையாது. போஜிபோன்சி என்ற ஊரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். சிவிதா தி பாஞ்ஞோரேஜோ என்ற ஊருக்குக் காரும் போகாது. நடைபாலம் ஒன்றுதான் வழி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா என்று யோசித்துவிட்டே அங்கே அறை பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் எங்கே?

பஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் கால அட்டவணையைப் படிக்கத் தெரிய வேண்டும். "ஃபெரியாலே" என்று போட்டிருந்தால் வேலை நாட்களில் மட்டும் ஓடும். "ஃபெஸ்திவோ" என்றால் ஞாயிறும் பண்டிகை நாளும். "ஸ்கொலாஸ்திகோ" என்றால் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும். கோடை விடுமுறையில் போகிறவர்கள் இந்தக் கடைசி பஸ்சை நம்பி நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். டிக்கெட்டையும் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் இப்படி? இத்தாலியில் சுமார் 7,900 ஊராட்சிகள் இருக்கின்றன. பத்தில் ஏழில் 5 ஆயிரம் பேர்கூட இல்லை. வாலிபர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். மாணவர்களுக்காகவும் வேலைக்குப் போகிற சிலருக்காகவும் ஓடுகிற பஸ், ஞாயிற்றுக்கிழமை படுத்துவிடுகிறது. சிற்றூர்களைக் காப்பாற்ற 2017-ல் ஒரு சட்டம் வந்தது. சட்டம் வந்தால் போதுமா? பஸ் வர வேண்டாமா?

சுற்றிப் பார்க்க வந்தவருக்கு இது ஒரு நாள் தொல்லை. கார் ஓட்டத் தெரியாத அந்த ஊர்ப் பாட்டிக்கு வாராவாரம் தொல்லை! வெளிநாட்டாரை "வாருங்கள், வாருங்கள்" என்று அழைக்கிற இத்தாலிய மாநில அரசாங்கங்கள் ஞாயிறன்று காலை ஒரு பஸ், மாலை ஒரு பஸ்சாவது விட வேண்டும்.

அதுவரை கார் தேவைதான்.

எத்தனை நாளுக்குக் கார்?

விமான நிலையத்தில் இறங்கியவுடன் காரை எடுத்து, திரும்பி ஏறும்வரை வைத்திருப்பது வீண் செலவு. நகரத்தில் அந்தக் கார் வாடகை கொடுத்து நிறுத்தி வைக்கத்தான் உதவும். பத்து நாள் பயணத்தில் நாலு நாள் கிராமம் என்றால் நாலு நாளுக்குக் கார் போதும். மற்ற நாட்களுக்கு ரெயில்.

காரை நகரத்தின் நடுவில் எடுக்கவும் கூடாது. புளோரன்சில் பெரிய ஸ்டேஷன் அருகிலிருந்து விமான நிலையத்துக்கு 2019 முதல் டிராம் ஓடுகிறது. அங்கே போய்க் காரை எடுத்தால் நகரத்துக்குள் நுழையாமலே வெளியேறிவிடலாம். சிறிய ஊர்களிலும் வாடகைக் கார் கம்பெனிகள் உண்டு. ஆனால் பல இடங்களில் மத்தியானம் கடையைச் சாத்திவிடுவார்கள். ஞாயிறன்று திறப்பதே இல்லை. நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இந்திய லைசென்சு மட்டும் போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். அதை இந்தியாவிலேயே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். இத்தாலி போய்ச் சேர்ந்த பிறகு கையைப் பிசைந்து பயனில்லை.

கிரெடிட் கார்டு, கார் ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும். கணவர் ஓட்ட, மனைவியின் கார்டைக் கொடுத்தால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அதில் ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்து வைப்பார்கள். கார் சேதமானால் எவ்வளவு வரை கையை விட்டுப் போகும் என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். இன்சூரன்சு பற்றிய தீர்மானத்தை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். பெட்டிகளும் குழந்தைகளுமாகக் கவுண்டர் முன்னால் நிற்கும்போது எதைச் சொன்னாலும் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும்.

அங்கே வாடகைக் கார்களில் கையால் கியர் மாற்றுகிறவை நிறைய. தானாகக் கியர் மாறும் கார் வேண்டுமானால் முன்பே சொல்ல வேண்டும். வாடகை கூடும். அந்தப் பணத்தைக் கொடுப்பது நல்லது. ஏனென்றால் இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன. இடது பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு அதுவே போதுமான வேலை. வலது கையால் கியரும் போட வேண்டும் என்றால் தடுமாற்றம் இரட்டிப்பாகும். இரவெல்லாம் விமானத்தில் வந்துவிட்டு அன்றைக்கே ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. ஒரு இரவு தூங்கிவிட்டு மறுநாள் எடுக்க வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரம் இல்லாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். அதையும் முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வலை

பலர் மாட்டிக்கொள்வது ஓர் இடத்தில்தான். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளியார் வண்டி நுழையக்கூடாது. அந்தப் பகுதிக்கு "இசட்.டி.எல்." என்று பெயர். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு உள்ள பலகை நிற்கும். கதவும் இல்லை, காவலரும் இல்லை. காமிரா மட்டும் இருக்கும். வண்டி நம்பரைப் படம் பிடித்துவிடும்.

சில ஊர்களில் மின்சாரப் பலகை இருக்கும். "வார்கோ அத்தீவோ" என்று எரியும். "வாசல் செயல்படுகிறது" என்று பொருள். திறந்திருக்கிறது போலும் என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் உண்டு. உண்மையில் காமிரா வேலை செய்கிறது, நுழையாதே என்று அர்த்தம்! "நோன் அத்தீவோ" என்று இருந்தால்தான் போகலாம்.

அபராதம் 80 யூரோவுக்கு மேல். ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு.  போலீசாருக்குப் பெயரும் விலாசமும் கொடுத்ததற்காகக் கார் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் பிடித்துக்கொள்ளும்.

ஐந்நூறு ஆண்டுப் பழைய தெருக்களைக் காரிலிருந்து காப்பாற்றுவது நியாயமே. ஆனால் உலகத்தார் எல்லோரும் வருகிற ஊரில், இத்தாலி மொழியில் மட்டும் இரண்டு வார்த்தையை எரியவிட்டு அபராதம் வாங்குவது நியாயமல்ல. ஒரு பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் வைத்தால் குழந்தைக்குக்கூடப் புரியும்.

தப்ப வழி எளிது. மதில் சுவருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் பொதுவாகக் காசு இல்லை. நீலக் கோட்டுக்குக் காசு. மஞ்சள் கோடு வேறு ஆட்களுக்கு ஒதுக்கியது. விடுதி ஊருக்குள் இருந்தால், கார் நம்பரைப் பதிவு செய்ய முடியுமா என்று விடுதிக்காரரை முன்பே கேட்க வேண்டும்.

குன்றுப் பாதை

பச்சைப் பலகை, சுங்கம் கட்டும் பெரிய நெடுஞ்சாலையைக் காட்டும். அதில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம், மழையில் 110. சுங்கச் சாவடியில் "டெலிபாஸ்" என்று மட்டும் எழுதிய மஞ்சள் வரிசைக்குள் போகக்கூடாது. அது சந்தாக்காரர்களுக்கு.

நீலப் பலகை மற்ற சாலைகளைக் காட்டும். கிராமத்துச் சாலையில் 90, ஊருக்குள் 50. குன்றுப் பாதையில் 90-ஐ எட்டவே முடியாது. அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. பண்ணை வீட்டுக்கு முன் கடைசித் தூரம் பெரும்பாலும் சரளைக் கல் பாதைதான். முதல் நாள் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். பெட்ரோல் பங்குகள் மத்தியானமும் ஞாயிறும் மூடியிருக்கும். இயந்திரத்தில் நோட்டைப் போட்டால் சில்லறை திரும்ப வராது.

வயதான பெற்றோருடன் போகிறவர்களும், ஓட்டத் தயங்குகிறவர்களும் டிரைவருடன் காரை அமர்த்தலாம். வாடகை அதிகம். ஆனால் ஒரு நாளுக்கு அமர்த்தி மூன்று ஊர் பார்த்துவிட்டு, மற்ற நாட்களில் பண்ணையிலேயே ஓய்வெடுத்தால் கணக்கு சரியாகிவிடும். கிராமத்தில் டாக்சியைக் கைகாட்டி நிறுத்த முடியாது. அறை பிடிக்கும்போதே பண்ணைக்காரரைக் கேட்டால் அவர் ஆள் சொல்லுவார்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது டாங்கியை நிரப்பி, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகை ரசீது, நிறுத்திய சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைக்க வேண்டும். கவரை உடனே தூக்கி எறிந்துவிடக் கூடாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத நோட்டீசு அனுப்ப இத்தாலிய போலீசாருக்கு 360 நாள் அவகாசம் உண்டு.