மத்தி இடம் மாறும், பவளம் எங்கே போகும்?

கடல் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பேச்செடுத்தால், எங்கள் முத்தாண்டிக்குப்பம் டீக்கடையில் ஒருவராவது "அதெல்லாம் இயற்கை பார்த்துக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். படித்தவர்களும் இப்போது அதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். "உயிரினங்கள் தகவமைத்துக்கொள்ளும்" என்கிறார்கள். கோப்புகளோடு ஆயுளைக் கழித்தவன் என்பதால் எனக்கு இந்த மாதிரி வாக்கியங்களைக் கண்டாலே சந்தேகம். "ஆவன செய்யப்படும்" என்று எழுதிவிட்டால் கோப்பு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடும். வேலை நடந்ததா என்பது வேறு விஷயம். "தகவமைத்துக்கொள்ளும்" என்பதும் அந்த ரகம்தான். எது தகவமைத்துக்கொள்ளும், எப்படி, என்ன விலை கொடுத்து என்று கேட்க வேண்டாமா?

முதலில் மத்தி மீனை எடுத்துக்கொள்வோம். எங்கள் கடலூர் பக்கம் கவலை மீன் என்று விற்பார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். (பெயரிலேயே கவலையை வைத்துக்கொண்டு இத்தனை ருசியாக ஒரு மீன் இருப்பது நம் கடற்கரையில் மட்டும்தான்.) மத்தி என்றால் ஒரு காலத்தில் கேரளாவும் கர்நாடகாவும்தான். 1980-களின் நடுப்பகுதி வரை கிழக்குக் கரையில் அது பேருக்குத்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் வலை நிறைய வர ஆரம்பித்தது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், கடல் சூடாவதோடு இதைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதே நிறுவனத்தார் சென்னைக் கடலில் சங்கரா மீனையும் கவனித்தார்கள். 1980-லிருந்து 2004 வரையிலான கணக்கில், முட்டையிடும் பருவம் வெயில் மாதங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர் மாதங்களுக்கு நகர்ந்திருக்கிறது. ஒரு மீன் இடத்தை மாற்றியது, இன்னொன்று காலத்தை மாற்றியது. சமாளிப்பு என்றால் இதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் டீக்கடைக்காரர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கேரளாவில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-ல் கிடைத்தது சுமார் 3,300 டன். நூற்றில் ஒன்று கூட இல்லை! குஞ்சு மீன்களையும் சேர்த்து வாரியது ஒரு காரணம், எல் நினோ ஒரு காரணம், மழையும் கடலடி நீரின் மேலெழுச்சியும் மாறிப்போனது இன்னொரு காரணம் என்கிறார்கள். சூடு ஒன்றுதான் காரணம் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் ஏற்கெனவே குத்துயிராகக் கிடப்பவனிடம் "எழுந்து வேறு ஊருக்குப் போ" என்றால் எப்படிப் போவான்?

இன்னொன்றும் இருக்கிறது. போவதற்கு ஊர் வேண்டும். கிரேகொரி போகிராந் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கோபிபாட் என்ற மிகச் சிறிய கூனி போன்ற உயிர்கள் கடல் முழுக்க மிதக்கின்றன. அரிசி மணியை விடச் சிறியவை. மீன் குஞ்சுகளுக்கு அவைதான் கஞ்சி. வட அட்லாண்டிக்கின் கிழக்குப் பகுதியில், வெப்பநீர் கோபிபாட் இனங்கள் நாற்பது வருடத்தில் வடக்கே சுமார் பத்து அட்சரேகை நகர்ந்துவிட்டன என்று அவரும் கூட்டாளிகளும் கண்டார்கள். இங்கிருந்து கணக்குப் போட்டால் கடலூரிலிருந்து நாக்பூர் தூரம். வரைபடத்தை விரித்துப் பாருங்கள், விஷயம் புரியும். அட்லாண்டிக்கின் வடக்கே துருவம் வரை கடல் திறந்து கிடக்கிறது. நம் வங்காள விரிகுடாவின் வடக்கே என்ன இருக்கிறது? சுந்தரவனத்துச் சேறும், வங்கதேசமும், அதற்கப்பால் இமயமலையும். அரபிக்கடலுக்கும் அதே கதிதான். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே கூரை போட்டிருக்கிறது. குளிர்ச்சியைத் தேடி வடக்கே போகிற உயிர் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் நடுவில் சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது, இது உலகச் சராசரியை விட அதிகம் என்று மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்து அறிக்கையே சொல்கிறது. அதிகம் சூடாகும் கடலில்தான் தப்பும் வழியும் அடைபட்டிருக்கிறது. "தகவமைத்துக்கொள்ளும்" என்பவர்கள் யாரும் இந்த வரைபடத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நகரவே முடியாதவை பாடு இன்னும் மோசம். இங்கே பவளத்துக்கு வருகிறேன்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். 1720-களில் பெய்சொனெல் என்ற மர்சேய் மருத்துவர், பவளத்தின் "பூ" என்று எல்லோரும் நினைத்தது பூவல்ல, அது ஒரு குட்டிப் பிராணி என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அங்கே பெரிய மனிதரான ரெயோமூர் அதை நம்பவில்லை. எழுதியவர் மானம் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், பெயரைச் சொல்லாமலே அந்தக் கருத்தைச் சபையில் வைத்து மறுத்தார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, பெய்சொனெல் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். கல்போல் கிடப்பது உயிருள்ள பிராணி என்று நம்ப ஐரோப்பாவுக்கே அத்தனை காலம் ஆனது.

நம் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில், 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. பவளப் பிராணி தன் உடலுக்குள்ளேயே நுண்பாசியைக் குடிவைத்திருக்கிறது. பாசி வெயிலில் சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. அதன் உணவில் பத்தில் ஒன்பது பங்கு வரை இப்படித்தான் வருகிறது. வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால், இந்தக் குடித்தனம் உடைகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. உடனே செத்துவிடாது. பட்டினியோடு காத்திருக்கும். நம் கடலில் ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தச் சோதனை. தென்மேற்குக் காற்று பலமாக வீசி நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். வருடா வருடம் கொஞ்சம் வெளுப்பதும் தேறுவதுமாகத்தான் அது வாழ்கிறது.

1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் இந்தக் கணக்கு தப்பியது. 2016-ல் நடந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலுக்குள் மூழ்கி அளந்திருக்கிறார்கள். உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7-க்கு இறங்கியது. மான்கொம்புபோல் கிளைவிடும் இனங்கள் அதிகம் மடிந்தன. உருண்டையாகப் பாறைபோல் வளரும் இனங்கள் ஓரளவு தாங்கின. சில பவளங்கள் சூடு தாங்கும் வேறு ஜாதிப் பாசியைக் குடிவைத்துக்கொள்ளவும் செய்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பாசி கொடுக்கும் படி குறைவு, அதனால் வளர்ச்சியும் மெதுவாகிவிடுகிறது. அரைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவதைச் சமாளிப்பு என்று சொல்லலாம், செழிப்பு என்று சொல்ல முடியாது. 1998-க்கும் 2010-க்கும் நடுவில் 12 வருடம் இருந்தது. அடுத்தது 6 வருடத்தில் வந்துவிட்டது. 2024-ல் லட்சத்தீவுப் பவளமும் கடுமையாக வெளுத்தது. தேறுவதற்கான அவகாசமே போதவில்லை என்றுதான் இதற்குப் பொருள்.

இதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். இரண்டு கோப்பு இருக்கிறது. பெரிய கோப்பு கரி. என் வீட்டிலிருந்து நாலு எட்டில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி நல்ல நிலக்கரியை விடக் குறைந்த சூடு தரும், அதே மின்சாரத்துக்கு அதிகக் கரியமில வாயு விடும். இதை எழுதும்போது என் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி அதில் ஓடுகிறது. அந்தச் சுரங்கமும் அனல் நிலையமும் இந்த வட்டாரத்தில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டன என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நாளைக்கே மூடு என்று கோஷம் போடமாட்டேன். ஆனால் பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. நாம் இங்கே எரிப்பதன் கணக்கு அங்கே பவளத்தின் பேரில் எழுதப்படுகிறது. மூடும் தேதியை ஒரு காகிதத்திலாவது குறித்து வைக்கச் சொல்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

சின்னக் கோப்பு நம் கையிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பல வருடம் பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். வெட்டுவது நின்ற இடங்களில் பவளம் மெல்லத் தலைதூக்கியது. அடிமட்டத்தைச் சுரண்டும் இழுவலை, சாக்கடை, படகு நங்கூரம் இவற்றைக் குறைத்தால், வெயில் வருடத்தைத் தாண்டும் தெம்பு அதற்கு இருக்கும். அதற்கு ஐ.நா. சபை கூட வேண்டியதில்லை, மாவட்ட அலுவலகம் போதும்.

ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் போடுகிறார்கள். தண்ணீர் இல்லாத காலத்திலும் போடுகிறார்கள், நாமும் பார்க்கிறோம். அதே கட்டத்துக்குப் பக்கத்தில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, மன்னார் வளைகுடாவின் நீர் வெப்பத்தையும் ஒரு வரி போடலாம். நேற்று எத்தனை டிகிரி, இன்று எத்தனை டிகிரி. டீக்கடையில் பக்கத்தைப் புரட்டுகிறவர் கண்ணிலும் அது படும்.